இயந்திரத்தில் குடியேறும் பூச்சிகள்: ஓட்டையை அடைப்பது யார் பொறுப்பு?

தென்னையில் காண்டாமிருக வண்டு வந்தால் என்ன செய்வது என்று பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயிக்குத் தெரியும். சிவப்புக் கூன்வண்டுக்கு இனக்கவர்ச்சிப் பொறி வைக்கவும் தெரியும். தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கோவையில் வேளாண்மைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஆனால் புல் வெட்டும் இயந்திரத்தின் சைலன்சரில் குளவி கூடு கட்டினால் யாரிடம் கேட்பது? மோட்டார் ஸ்டார்ட்டருக்குள் எறும்பு புகுந்து காயில் எரிந்தால் யாரிடம் முறையிடுவது? பயிருக்கு வரும் பூச்சியைக் கவனிக்கத் துறை இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, மருந்து இருக்கிறது. இயந்திரத்துக்கு வரும் பூச்சியைக் கவனிக்க இவற்றில் ஒன்றும் இல்லை.

இது சிரித்துவிட்டுப் போகும் விஷயம் அல்ல. பங்குனி, சித்திரை வெயிலில் வாழைக்கும் தக்காளி நாற்றுக்கும் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய நாளில் மோட்டார் நின்றுபோனால் நஷ்டம் மோட்டாரோடு முடிவதில்லை. ஆழ்குழாய்க் கிணறாக இருந்தால் குழாய் ஏற்ற ஆள் பிடிக்க வேண்டும், மோட்டாரை வெளியே எடுத்துக் காயில் கட்டக் கொடுக்க வேண்டும், திரும்ப இறக்க வேண்டும். அதற்குள் மூன்று நான்கு நாள் ஓடிவிடும். நாற்று அத்தனை நாள் பொறுத்திருக்காது. பெரிய பண்ணைக்காரரிடம் மாற்று மோட்டார் இருக்கும். இரண்டு ஏக்கர் தோட்டக்காரருக்கு இருப்பது ஒரே மோட்டார்தான்.

குளவிக்கு ஓய்ந்த இயந்திரம் ஒரு வீடு

கொங்குப் பகுதியில் இப்போது கூலி ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. அதனால் சிறு விவசாயியின் சாளையிலும் பவர் வீடர், புல் வெட்டும் இயந்திரம், விசைத்தெளிப்பான் என்று ஒன்றிரண்டு சிறு இயந்திரங்கள் வந்துவிட்டன. இவற்றில் பல, வருஷத்தில் சில வாரங்கள் உழைத்து மீதி மாதங்கள் மூலையில் கிடக்கின்றன. குளவிக்கு வேண்டியதும் அதுதான். ஒரு விரல் நுழையும் அளவு துவாரம், மழை நனையாத இடம், அசையாத பொருள், பக்கத்தில் ஈரமண். பம்பு ஒழுகும் இடத்தில் சேறு எப்போதும் உண்டு. விவசாயியின் பம்பே குளவிக்கு மண் குழைத்துக் கொடுக்கிறது.

குளவி கூடு கட்டும் விதத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. கறுப்பும் மஞ்சளுமான மண்குளவி, சிலந்திகளைக் கொட்டி மயக்கிக் கொண்டுவந்து மண் அறைக்குள் அடுக்குகிறது. அதன்மேல் முட்டையிட்டு வாயை மண்ணால் மூடிவிடுகிறது. பானைபோலக் கூடு கட்டும் வேறு இனங்கள் சிலந்திக்குப் பதில் பச்சைப்புழுக்களை அடைக்கின்றன. சைலன்சர் குழாய், காற்று வடிகட்டியின் வாய், கார்புரேட்டரின் மெல்லிய காற்றுக்குழாய், டேங்கின் சுவாசக்குழாய் எல்லாம் குளவியின் கணக்கில் சுவரிலுள்ள பொந்துகளே.

இதன் விளைவு துவாரத்தைப் பொறுத்து மாறும். சைலன்சர் அடைத்தால் எஞ்சின் கிளம்பாது, கிளம்பினாலும் தொண்டை அடைத்தாற்போல் ஓடி இழுவை இல்லாமல் நிற்கும். டேங்க் மூடியின் சிறு துவாரம் மண்ணால் அடைபட்டால் வேறுவிதம். எஞ்சின் நன்றாகக் கிளம்பும், பத்துப் பதினைந்து நிமிஷம் ஓடும், பிறகு மூச்சுத் திணறி நிற்கும். பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே காற்று புக வழியில்லாமல் டேங்கில் வெற்றிடம் உண்டாவதே காரணம். எஞ்சின் ஆறியபின் மூடியைத் திறந்தால் "உஸ்" என்ற சத்தம் கேட்கும். திறந்து மூடியபின் எஞ்சின் மறுபடி பத்து நிமிஷம் ஓடினால் நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. இதை அறியாமல் கார்புரேட்டரைக் கழற்றிப் புதிதாக மாட்டியவர்கள் உண்டு. காற்றால் குளிரும் எஞ்சினின் இறக்கைகளுக்கு நடுவே மண்கூடு இருந்தால் சூடு வெளியேறாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அது எஞ்சினுக்கே முடிவு.

எறும்பு சிறிது, சேதம் பெரிது

எறும்பின் கதை இன்னும் மோசம். ஸ்டார்ட்டர் பெட்டி உலர்ந்த இடம். உள்ளே காயில் இருப்பதால் வெதுவெதுப்பும் உண்டு. மழைக்காலத்தில் எறும்புக்கு இதைவிட நல்ல புற்று கிடைக்காது. கான்டாக்டரின் தொடுமுனைகளுக்கு இடையில் எறும்புகள் நசுங்கி அடுக்கடுக்காகச் சேர்ந்தால், மூன்று பேஸில் ஒன்று சரியாகத் தொடாமல் போகும். மோட்டார் உறுமும், சுழலாது. ஓடிக்கொண்டிருந்த மோட்டாரானால் மற்ற இரண்டு பேஸ்களில் கூடுதல் கரண்டு இழுத்துச் சூடாகும். ரிலே சரியாக இருந்தால் தப்பிக்கும். ரிலேயைக் கூட்டி வைத்திருந்தாலோ கம்பியால் கட்டி வைத்திருந்தாலோ காயில் எரியும்.

இறந்த எறும்பு இருக்கும் இடத்துக்கு மேலும் எறும்புகள் ஏன் வருகின்றன என்பதற்கும் விடை உண்டு. அமெரிக்காவில் நெருப்பெறும்பை ஆராய்ந்து 2002-ல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மின்சாரம் தாக்கிய எறும்பு விஷத்தையும் அபாய வாசனையையும் வெளிவிடுகிறது என்றும், அந்த வாசனை கூட்டத்தை அதே இடத்துக்கு இழுக்கிறது என்றும் தெரியவந்தது. ஓர் எறும்பு செத்தால் அதுவே ஆயிரம் எறும்புக்கு அழைப்பாகிவிடுகிறது. முதல் எறும்பு நுழையாமல் தடுப்பது ஏன் முக்கியம் என்பது இதிலிருந்து விளங்கும்.

முன்பு விவசாயியே மோட்டார் ரூமில் நின்று கைப்பிடியைத் தூக்கிப் போட்டார். மோட்டார் உறுமினால் காது சொல்லும், உடனே நிறுத்துவார். இன்று கரண்டு வந்ததும் தானாக ஓடும் ஸ்டார்ட்டரும், கைப்பேசியில் இயக்கும் கருவியும் வந்துவிட்டன. இரவு 2 மணிக்கு எழுந்து பாம்பு நடமாடும் வரப்பில் நடக்க வேண்டாம் என்பது பெரிய நன்மை. அதே சமயம், உறுமலைக் கேட்க அங்கே ஆள் இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். தானாக ஓடும் ஸ்டார்ட்டர் வைத்திருப்பவர், ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் காப்புக்கருவி இல்லாமல் ஒரு நாளும் ஓட்டக் கூடாது.

விமானத்தையும் விடவில்லை

இது ஏழை விவசாயியின் மட்டமான இயந்திரத்துக்கு மட்டும் வரும் தொல்லை என்று நினைப்பவர்கள் உலகச் செய்தியைக் கவனிக்க வேண்டும். 1996 பிப்ரவரி 6-ந் தேதி, டொமினிகன் குடியரசில் ஒரு போயிங் விமானம் கிளம்பிய சில நிமிஷங்களில் கடலில் விழுந்து 189 பேர் இறந்தனர். வேகத்தை அளக்கும் குழாய் அடைபட்டு விமானிக்குத் தவறான வேகம் காட்டியதே தொடக்கம். மண்குளவியின் கூடே அடைப்புக்குக் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் கருதப்பட்டது. அந்த விமானம் பல நாட்களாகப் பறக்காமல் நின்றிருந்தது, குழாய்க்கு உறையும் போடப்பட்டிருக்கவில்லை.

2013 நவம்பரில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் விமான நிலையத்தில் கிளம்பிய ஒரு பெரிய விமானம் இதே தொல்லையால் திரும்பி இறங்கியது. தரையில் சுமார் இரண்டு மணி நேரமே நின்றிருந்தபோது குளவி தன் வேலையை முடித்துவிட்டது. பின்னர் அங்கே மாதிரிக் குழாய்களை வைத்து ஆராய்ந்து 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 3 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட வாய் இருந்தால் அந்தக் குளவிக்குப் போதும் என்று தெரிந்தது. 2011-ல் ஜப்பானிய கார் கம்பெனியான மஸ்டா, வட அமெரிக்காவில் விற்ற சுமார் 65,000 கார்களைத் திரும்ப அழைத்தது. ஒரு சிறு சிலந்தி, டேங்கின் சுவாசக்குழாயில் வலை பின்னி அடைத்ததால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி, வெடிப்பு விட்டுப் பெட்ரோல் கசியலாம் என்பதே காரணம். புல் வெட்டும் இயந்திரத்தின் டேங்க் மூடியில் நேர்வதும் அதே வெற்றிடம்தான்.

பக்கத்துக் கேரளத்திலும் 2023-ல் வாகனங்கள் தீப்பற்றிய சம்பவங்களைத் தொடர்ந்து மோட்டார் வாகனத் துறை உரிமையாளர்களிடம் தகவல் திரட்டியபோது, பெட்ரோல் போகும் ரப்பர் குழாயைத் துளையிடும் வண்டுகளும் ஒரு காரணமாகப் பேசப்பட்டன. மரத்தைத் துளைக்கும் சிலவகைச் சிறு வண்டுகளைச் சாராய வாசனை இழுக்கும் என்பது பழைய உண்மை. வாடும் மரத்திலிருந்து அதே வாசனைதான் வரும். காப்பிக் காய்த்துளைப்பான் 1990-ல் கூடலூரில் முதலில் காணப்பட்டது. அதைப் பிடிக்கக் காப்பித் தோட்டங்களில் வைக்கும் பொறியிலும் இருப்பது சாராய வகைதான். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனாலும் சாராயமே. ஆகவே தென்னை, கோக்கோ, பாக்கு மர நிழலில் மொபெட்டையும் குட்டி யானையையும் நிறுத்துபவர்கள் ரப்பர் குழாயில் ஊசித் துவாரம் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்ப்பது நல்லது. பெட்ரோல் வாடை அடித்தால் முதலில் வண்டியை நிறுத்த வேண்டும், பிறகுதான் காரணம் தேட வேண்டும்.

மருந்து அடிப்பது தீர்வு அல்ல

பூச்சி என்றதும் மருந்து டப்பாவைத் தேடுவது பழக்கமாகிவிட்டது. ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் மருந்து பீய்ச்சுகிறார்கள். பெட்டியைச் சுற்றித் தூள் கொட்டுகிறார்கள். இது இரண்டு வகையில் தவறு. டப்பாவிலிருந்து பீய்ச்சும் மருந்தில் தீப்பற்றும் பொருள் கலந்திருக்கும். தொடுமுனை பொறி விடும் இடம். இரண்டும் சேரக் கூடாது. மருந்தின் ஈரமும் பசையும் செம்பிலும் பிளாஸ்டிக்கிலும் படிந்து, பின்னால் தூசியை ஒட்டவைத்து வேறு கோளாறைக் கொண்டுவரும்.

இதைவிட ஆபத்து, மெயினை நிறுத்தாமல் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து துணியாலும் குச்சியாலும் எறும்பைத் துடைப்பது. கால் ஈரமண்ணில், கை கரண்டில். எறும்புக்காக உயிரை விடுவது எந்தக் கணக்கிலும் சேராது. மெயின் ஸ்விட்சை நிறுத்தி, பியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு, சோதனை விளக்கு போட்டுப் பார்த்த பிறகே பெட்டியைத் தொட வேண்டும். அதுவும் பழகிய எலக்ட்ரீஷியன் தொடுவது நல்லது.

கதண்டு கூடு கட்டியிருந்தால் பந்தத்தில் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தும் வேலை வேண்டாம். மோட்டார் ரூமும் சேர்ந்து எரியும், கொட்டுப்பட்டால் உயிருக்கும் ஆபத்து. தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னால் வந்து அகற்றுவார்கள்.

மண்குளவி விவசாயிக்குப் பகையும் அல்ல. பச்சைப்புழுவைத் தூக்கிச் செல்லும் குளவி, காசு வாங்காத மருந்துக்காரர். குளவி கூடு கட்டினால் குடும்பத்துக்கு நல்லது என்று கலைக்காமல் விடும் வீடுகள் கிராமத்தில் இன்றும் உண்டு. அந்த வழக்கம் இருக்கட்டும். சுவரில் இருக்கும் கூட்டை விட்டுவிடலாம், சைலன்சரில் வருவதைத்தான் தடுக்க வேண்டும். கொல்வதைவிட ஓட்டையை மூடுவது மலிவு.

கோவைக்கு ஒரு கடமை

அந்த ஓட்டையை யார் மூடுவது என்பதே இங்கு கேள்வி. இன்றைய நிலையில் முழுப் பொறுப்பும் விவசாயியின் தலையில் விழுகிறது. எஞ்சின் நின்றால் "பராமரிப்பு சரியில்லை" என்று விற்றவர் சொல்கிறார். "பெட்ரோல் சரியில்லை" என்று மெக்கானிக் சொல்கிறார். துவாரத்தை வலையில்லாமல் விட்டு இயந்திரத்தைச் செய்தவரை யாரும் கேட்பதில்லை. மஸ்டா கம்பெனி சிலந்தியைக் குறை சொல்லவில்லை, கார் வாங்கியவரையும் குறை சொல்லவில்லை. 65,000 கார்களைத் தன் செலவில் சரிசெய்தது. பவர் வீடர் வாங்குபவருக்கு மட்டும் அந்த நியாயம் ஏன் பொருந்தாது?

1932-ல் பைக்காரா மின்சாரம் வந்தபின் கோவை வட்டாரக் கிணறுகளில் கவலைக்குப் பதில் மோட்டார் ஓடத் தொடங்கியது. அந்தத் தேவையை நம்பியே கோவையில் மோட்டாரும் பம்பும் செய்யும் பட்டறைகள் வளர்ந்தன. இந்தியாவின் பல மூலைகளில் கோவை பம்பு தண்ணீர் இறைக்கிறது. இத்தனை பேர் வாங்க, இத்தனை திறமையும் கையில் இருக்க, ஸ்டார்ட்டர் பெட்டியில் கேபிள் நுழையும் ஓட்டைக்கு ஒரு ரப்பர் அடைப்பான் சேர்த்துக் கொடுப்பது பெரிய காரியம் அல்ல. மூடி பொருந்தும் விளிம்பில் ரப்பர் பட்டை வைப்பதும் கஷ்டம் அல்ல. இதற்குத் தரமும் வகுக்கப்பட்டிருக்கிறது. பெட்டியின் காப்பு அளவைக் குறிக்கும் ஐ.பி. எண்ணில் முதல் இலக்கம் 4 என்றால் 1 மில்லிமீட்டர் கம்பி உள்ளே போகாது. 5 என்றால் தூசிக்கும் காப்பு உண்டு. சிற்றெறும்பைத் தடுக்க 5 வேண்டும். விவசாயிக்கு விற்கும் ஸ்டார்ட்டர் அனைத்தும் அந்தக் காப்போடு வர வேண்டும் என்று கேட்பது நியாயமே.

விலை கூடும் என்று தயாரிப்பாளர் சொல்லலாம். கூடட்டும். ஒரு காயில் கட்டும் கூலியோடு ஒப்பிட்டால் அது சில்லறை. வலை போட்டால் காற்றோட்டம் குறையும் என்றும் சொல்லலாம். மோட்டாரின் குளிர்ச்சிக்கான காற்றுவழியை மூடும்படி யாரும் கேட்கவில்லை. டேங்கின் சுவாசத் துவாரத்துக்கும் காற்று வடிகட்டியின் வாய்க்கும் பொருத்தமான கம்பிவலை, ஓய்வு நாளில் சைலன்சருக்கு ஒரு மூடி, கேபிள் ஓட்டைக்கு அடைப்பான். கேட்பது இவ்வளவுதான்.

வேளாண் பொறியியல் துறை பவர் டில்லருக்கும் பவர் வீடருக்கும் மானியம் கொடுக்கிறது. அரசுப் பணம் போகும் இடத்தில் நிபந்தனை போட அரசுக்கு உரிமை உண்டு. சைலன்சர் மூடியும் சுவாச வலையும் இல்லாத இயந்திரத்துக்கு மானியம் இல்லை என்று ஒரு வரி சேர்த்தால், தயாரிப்பாளர்கள் தாமாகவே மாறுவார்கள். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பூச்சியியல் துறையும் இருக்கிறது, பண்ணை இயந்திரத் துறையும் இருக்கிறது. இரண்டு துறையினரும் சேர்ந்து, எந்த மாதத்தில் எந்தப் பூச்சி எந்த இயந்திரத்தில் புகுகிறது என்று கொங்கு மாவட்டங்களில் ஒரு வருஷம் கணக்கெடுத்தால், மற்ற மாநிலங்களுக்கும் அது வழிகாட்டியாகும்.

அதுவரை விவசாயி செய்ய வேண்டியது

பிறர் செய்யும்வரை காத்திருந்தால் வெயில் காத்திருக்காது. இன்றே செய்யக்கூடியவை சில:

1. சீசன் முடிந்து இயந்திரத்தை நிறுத்தும்போது டேங்கிலும் கார்புரேட்டரிலும் உள்ள பெட்ரோலை வடித்துவிட வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரம் இழுக்கும், மாதக்கணக்கில் நின்றால் கெடும்.

2. எஞ்சின் நன்றாக ஆறியபின் சைலன்சர் வாயில் ஒரு தகர டப்பாவைக் கவிழ்க்கலாம், அல்லது தடித்த துணியால் கட்டலாம். காற்று வடிகட்டியின் வாய்க்கும் அதே முறை.

3. மூடியதை மறந்து எஞ்சினைக் கிளப்பக் கூடாது. அதற்காக, கிளப்பும் கயிற்றில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவைக்க வேண்டும். விமானத்தின் குழாய் உறையிலும் சிவப்பு நாடாதான் தொங்கவிடுகிறார்கள்.

4. சும்மா நிற்கும் எஞ்சினை 15 நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றி, துவாரங்களையும் குளிர்ச்சி இறக்கைகளையும் பார்க்க வேண்டும். புதுக்கூடு ஈரமாக இருக்கும்போதே சுரண்டுவது சுலபம். காய்ந்த கூட்டைக் கம்பியால் உள்ளே குத்தித் தள்ளக் கூடாது, மண் எஞ்சினுக்குள் போகும். குழாயைக் கழற்றி வெளிப்பக்கமாகத் தட்டி எடுக்க வேண்டும்.

5. ஸ்டார்ட்டர் பெட்டியில் பயன்படாத ஓட்டை ஒன்றுகூட இருக்கக் கூடாது. கேபிள் நுழையும் இடத்தைச் சுற்றி அடைப்பான் வைத்து மூட வேண்டும். நல்ல எண் போட்ட பெட்டியானாலும் ஓட்டையைத் திறந்து விட்டால் அந்த எண்ணால் பயனில்லை.

6. ரிலேயை மோட்டாரின் கரண்டு அளவுக்குச் சரியாக வைக்க வேண்டும். அடிக்கடி விழுகிறது என்பதற்காக அதைக் கட்டிவைப்பது, குரைக்கிறது என்று காவல் நாயின் வாயைக் கட்டுவதற்குச் சமம்.

7. பம்பு ஒழுகலை நிறுத்தி, மோட்டார் ரூமைச் சுற்றிப் புல்லும் குப்பையும் இல்லாமல் வைத்தால் எறும்புக்கும் குளவிக்கும் பாதி வசதி குறையும்.

8. புது இயந்திரம் வாங்கும்போது விலையையும் மைலேஜையும் கேட்பதோடு, சைலன்சருக்கு மூடி உண்டா, சுவாசத் துவாரத்துக்கு வலை உண்டா, ஸ்டார்ட்டர் பெட்டியின் ஐ.பி. எண் என்ன என்று மூன்று கேள்வி சேர்த்துக் கேட்க வேண்டும்.

இந்தக் கடைசிக் காரியம்தான் மற்ற எல்லாவற்றையும் விடப் பலன் தரும். ஒரு விவசாயி கேட்டால் கடைக்காரர் சிரிப்பார். அன்னூரிலும் அவிநாசியிலும் காங்கயத்திலும் கோபியிலும் கடைக்கு வரும் பத்தில் ஐந்து பேர் கேட்டால் கம்பெனிக்கு எழுதுவார். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். இந்த விஷயத்தில் எறும்பிடம் கற்றுக்கொள்ள வேண்டியதும் அதுதான்.